ஆராதனைக்குப் பாட்டெடுப்பது எப்படி?

செம்பட்டி வட்டாரத்தில் புதிதாக ஆராதனைக் குழு தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஸ்தோத்திரம்.

கீபோர்டு வந்துவிட்டது. பேஸ் கிதார் வாசிக்கிற பையன் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவான். டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்தாயிற்று. மிக்ஸரை வாங்கிக் கொடுத்தவரின் பெயரை 'உபயம்' போட்டு, மிக்ஸரைவிடப் பெரிய எழுத்தில் ஒட்டியாயிற்று. இனிப் பாட்டு மட்டும்தான் பாக்கி. எதை எடுப்பது, எதை விடுவது, வார்த்தை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதற்கு ஒரு சட்டம் நெடுநாளாக நடைமுறையில் இருக்கிறது. செம்பட்டி நாலு ரோட்டில் நின்று திண்டுக்கல் பக்கம், வத்தலக்குண்டு பக்கம், ஒட்டன்சத்திரம் பக்கம், நிலக்கோட்டை பக்கம் எங்கே காது கொடுத்தாலும் ஒலிபெருக்கி அந்தச் சட்டப்படிதான் பாடுகிறது. இதுவரை யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தப் புண்ணியத்தை நான் கட்டிக்கொள்கிறேன்.

பாட்டில் ஒரே ஓர் ஆள்தான் இருக்க வேண்டும். அது பாடுகிறவர். கடவுளும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் சும்மா இருக்கக் கூடாது, கைவேலை கொடுக்க வேண்டும். அவர் உயர்த்த வேண்டும், எல்லையை விரிக்க வேண்டும், போனதை இரட்டிப்பாக எண்ணி வைக்க வேண்டும். தலையாக்க வேண்டும், மறந்தும் வாலாக்கிவிடக் கூடாது. உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் வருகிற இந்தத் தலை, வால் சமாச்சாரத்தை எடுக்கும்போது முதல் பதினான்கு வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினைந்தாம் வசனத்திலிருந்து அறுபத்தெட்டு வரைக்கும் சாபம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் நியாயத்தைப் புரட்டுகிறவன் மேலும் ஒரு சாபம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மெட்டுப் போட்டால் லைக் விழாது. சபையில் இருக்கிற முந்நூறு பேரும் தலையாகிவிட்டால் வால் யார் என்று எவனாவது ஒரு பொடியன் கேட்பான். அவனை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது எதிரி. எதிரி இல்லாமல் பாட்டு சூடேறாது. ஆனால் எதிரி யார் என்று சொல்லிவிடக் கூடாது. பார்வோன் நல்ல எதிரி. செத்து மூவாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது, மானநஷ்ட வழக்குப் போடமாட்டான், அவன் வம்சத்தார் யாரும் நம் சபைக் கமிட்டியில் இல்லை. கோலியாத் அதைவிடச் சௌகரியம். மதில் இடிக்க ஆசையாக இருந்தால் எரிகோ இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் இடிக்கலாம். கை தட்டி, எக்காளம் ஊதி, ஏழு சுற்று மேடையைச் சுற்றி வந்து இடிக்கலாம். கடல் கடந்து கிடக்கிற மதில், செங்கல் ஒன்று கூட நம் காலில் விழாது.

நம் ஊர் மதில்களை மட்டும் தொடாதீர்கள். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் நிற்பது பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாடே அறிந்த சங்கதி. செம்பட்டியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதைத் தொட்டுப் பார்த்துவிடலாம். வடக்கன்குளத்தில் கோவிலையே சாதிக்கொரு புறமாகப் பிரித்துக் கட்டி, நடுவில் சுவர் வைத்துப் பூசை கண்டார்கள். 1910இல் சேசு சபைக் குரு அந்தச் சுவரை இடித்தபோது, பிள்ளைமாரும் முதலிமாரும் மறுபடி கட்டித்தரச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தோற்றுத்தான் திரும்பினார்கள். கிறிஸ்தவர்களே கிறிஸ்தவக் கோவிலுக்குள் சுவர் கேட்டு வெள்ளைக்காரன் நீதிமன்றத்தில் வக்கீல் வைத்த கதை அது. நாட்டில் எத்தனையோ ஆயிரம் ஆராதனைப் பாட்டு இருக்கிறதே, இதில் வடக்கன்குளம் என்ற ஊர்ப்பெயர் வருகிற ஒரு பாட்டை எனக்குக் காட்டுங்கள். எரிகோ வருகிற பாட்டு ஒவ்வொரு கன்வென்ஷனிலும் வருகிறது.

மழையைப் பற்றித் தாராளமாகப் பாடலாம். அபிஷேக மழை, ஆசீர்வாத மழை, பின்மாரி மழை. பாட்டில் பெய்கிற மழை மட்டும் நனைக்கக் கூடாது. ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணீர் வற்றி, திண்டுக்கல்லில் குடத்தோடு தெருவில் நின்ற கோடைகளை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை. அந்தக் கோடையிலும் நம் மேடையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை விலை விழுந்து, பறிகூலிக்குக் கூடத் தேறாமல் பூவைச் செடியிலேயே விட்டுவிட்டு வந்த பெண்பிள்ளை, ஞாயிறு காலையில் நம் சபையில் மூன்றாவது வரிசையில் நிற்கிறாள். திங்கள்கிழமை குழுக்கடன் வசூலிக்க ஆள் வருவான். அவள் வாயில் நாம் வைத்துப் பாடச் சொல்கிற வார்த்தை, நான் ஜெயித்துவிட்டேன் என்பது. அவளும் கையைத் தூக்கிப் பாடுகிறாள். வேறு பாட்டு கொடுத்தால்தானே பாடுவாள்?

அழுகைப் பாட்டு கூடாதா என்று கேட்டால், கூடும். ஆனால் நாலு நிமிஷத்தில் அழுகை தீர்ந்துவிட வேண்டும். முதல் சரணத்தில் கண்ணீர், இரண்டாம் சரணத்தில் துடைக்கும் கை, அப்புறம் டிரம்ஸ். வேதத்தில் இருக்கிற 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல். எத்தனை நாளைக்கு என்னை மறந்திருப்பீர் என்று முகத்துக்கு நேரே கேட்கிற ரகம். 88ஆம் சங்கீதம் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசி வரியில் கூட விளக்கேற்றவில்லை. அதை எழுதியவனை இன்றைக்கு நம் மேடையில் ஏற்றினால், பிரதர் விசுவாசத்தில் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறார், அவருக்காக ஜெபிப்போம் என்று மைக்கை வாங்கிவிடுவோம்.

காதல் பாட்டா, பக்திப் பாட்டா என்று பிரிக்க முடியாத பாட்டுகளைப் பற்றி ஊரில் நிறையக் கிண்டல் உண்டு. நான் அதில் சேரவில்லை. நாயகன் நாயகி பாவத்தில் கடவுளைப் பாடுவது தமிழுக்குப் புதிதா என்ன? ஆண்டாள் பாடிய நாட்டில் மார்பில் சாய்வதற்கு யார் கூச்சப்படப் போகிறார்கள்? ஆண்டாளிடம் இருந்த கோபமும் பிடிவாதமும் இல்லாமல் சாய்வதை மட்டும் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான் குறை. கூடவே ஒரு ஆறுதல். பாட்டின் பொருளைவிட அதன் இனிமை தன்னை அதிகம் அசைத்துவிட்டால் அது பாவமாயிற்றே என்று புனித அகுஸ்தீன் தம் ஒப்புதல் நூலில் வருந்தியிருக்கிறார். நம் பாட்டுகளில் அந்த ஆபத்து கிடையாது. பொருள் என்று ஒன்று இருந்தால்தானே இனிமை அதை மிஞ்சும்?

வீடியோ எடுக்கும்போது செம்பட்டி தெரியக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். வேனில் எல்லாரும் ஏறி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறிவிடுங்கள். கொடைக்கானல் மேகத்துக்குள் ட்ரோனை விட்டு, ஸ்வெட்டரோடு கையை விரித்தால் பரிசுத்தம் தானாக வந்து இறங்கும். பஸ் நிலையம், வெங்காய மூட்டை, சின்னாளபட்டித் தறிச் சத்தம், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், இவையெல்லாம் சட்டகத்துக்குள் வந்துவிட்டால் கடவுள் நம் ஊருக்கே வந்துவிட்டதாக யாராவது தப்பாக நினைத்துக்கொள்வார்கள்.

வாத்தியத்துக்கு வருவோம். கேரளத்துச் செண்டை மேளம் திருவிழாவுக்கு வரலாம். சப்பரத்துக்கு முன்னால் வேட்டி கட்டி வரிசையாக நின்று கொட்டினால் பார்க்க அழகு. கஹோன் பெட்டி மேடைக்கே வரலாம், அதன்மேல் தம்பி உட்கார்ந்து தட்டுவது ஸ்டைலாக இருக்கிறது. அந்தப் பெட்டி பெரு நாட்டில் ஆப்பிரிக்க அடிமைகள் மரப்பெட்டியைத் தட்டித் தட்டி உருவாக்கிய வாத்தியம் என்று நம் ஆட்களிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அதை அமெரிக்கச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பறை மட்டும் வாசலுக்கு வெளியே. அது சாவுக்கு அடிக்கிற கொட்டாம், பேய் ஆடுகிற கொட்டாம். பெருவில் அடிமை தட்டினது பரிசுத்த ஆவி, நம் சேரியில் அடிமையாக்கப்பட்டவன் தட்டினது பிசாசு. கப்பலேறி வந்தால் அடிமையின் மேளத்துக்குக் கூட ஞானஸ்நானம் கிடைக்கிறது. தெருவைத் தாண்டி வந்தால் கிடைப்பதில்லை.

பாட்டு வார்த்தையைத் திருத்துகிற கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்:

"அண்ணே, இதுல சேரின்னு ஒரு வார்த்தை வருதுண்ணே."

"எடுத்துருப்பா."

"இயேசு அங்கதான் பொறந்தாருன்னு வருது."

"பெத்லகேம்னு மாத்திரு."

"பொணத்தத் தூக்கிட்டுப் போகப் பாதை விடலேன்னு ஒரு சரணம் இருக்கு."

"பரலோகப் பாதைன்னு போடு. மெட்டுல உக்காருதா?"

"உக்காருதுண்ணே."

"ஆமென்."

சிரிக்கிறீர்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் இந்தப் பாதையும் பிண வண்டியும்தான் பிரச்சினை. ஒரே பங்கு, ஒரே நற்கருணை. கல்லறை வேறு, பிண வண்டி வேறு, கோவிலுக்குப் போகிற வழி வேறு. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள், வன்னியக் கிறிஸ்தவர்கள் மறித்தார்கள், கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அந்த வருஷம் ஈஸ்டருக்கும் தமிழ்நாடு முழுக்க உயிர்த்தார் என்று பாடினார்கள். உயிர்த்தவர் எந்த வழியாகக் கோவிலுக்குப் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாட்டெடுக்கிற வேலை இந்த மண்ணில் எப்போதும் இவ்வளவு மலிவாக நடந்ததில்லை, தம்பி. அதைச் சொன்னால்தான் எனக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று புரியும். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து வந்தவர்கள் 1834இல் மதுரை மிஷனைத் தொடங்கி, அடுத்த வருஷமே திண்டுக்கல்லில் கால் ஊன்றினார்கள். அவர்கள் கொண்டுவந்தது அவர்கள் ஊர் மெட்டுக்குள் தமிழைத் திணித்த பாட்டு. நம் ஜனங்கள் வாய்க்குள் அது நுழையவில்லை. திண்டுக்கல்லில் இருந்த எட்வர்ட் வெப் என்ற மிஷனரி அதைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பக்கம் திரும்பினார். 1853இல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். பிறகு வத்தலக்குண்டில் இருந்த வாஷ்பர்ன் அந்தப் புத்தகத்தைத் திருத்தி வளர்த்தார். தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகள் இன்றைக்கும் கையில் வைத்திருக்கிற கீர்த்தனைப் புத்தகத்தின் ஆதிக்கதை இது. திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர் எது? உங்கள் செம்பட்டிதான். கருணாமிர்த சாகரம் எழுதிய ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியப் பயிற்சிக்குத் திண்டுக்கல் வந்து, சடையாண்டி பட்டரிடம் வயலின் கற்றதும் அங்கேதான். ஆகவே, பாட்டு என்றால் சிட்னியிலிருந்து இறங்க வேண்டும், மெட்டு என்றால் கலிபோர்னியாவில் விளைய வேண்டும் என்று நினைக்கிற வட்டாரமாக இது ஆவதற்குக் காரணம் எதுவும் இருந்ததில்லை.

வேறொன்றும் சொல்ல வேண்டும். கீர்த்தனைத் தொகுப்புக்கு ஆறு வருஷம் முன்பு, 1847இல், அதே மதுரை மிஷன் ஒரு சோதனை வைத்தது. மிஷன் உபதேசியார்கள் எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மறுக்கிறவருக்கு வேலை இல்லை. ஞானஸ்நானம் வாங்கினவர்கள், வேதம் போதித்தவர்கள், ஜெபத்தில் கண்ணீர் விட்டவர்கள், பந்தியில் இலை போட்டதும் எழுந்து போனார்கள். இன்னொரு பக்கம் பாருங்கள், எந்தச் சாஸ்திரியாரின் பாட்டை அந்த மிஷன் எடுத்துப் பாடியதோ, அந்தச் சாஸ்திரியார் 1820களில் தஞ்சாவூர்ச் சபையில் சாதிவாரியாகத் தனித்து உட்காரும் வழக்கத்தை விடமாட்டோம் என்று எழுதி வாதாடிய தரப்பில் நின்றவர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய மகா புலவர். அவர் தமிழுக்கு நான் தலைவணங்குகிறேன். அவரைப் பந்தியில் எங்கே உட்காரவைப்பது என்று பரலோகம் முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் அந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு நேர்மை இருந்தது. சாதி வேண்டும் என்றவர் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேண்டாம் என்றவர் இலையைப் போட்டுச் சோறு வைத்துச் சோதித்தார். நாம் இரண்டும் செய்வதில்லை. பேட் போட்டு, விளக்கை மங்கலாக்கி, எல்லாரும் ஒன்று என்று ஈ மேஜரில் பாடிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

அந்தச் சோற்றை மறுபடி பாட்டுக்குள் கொண்டுவந்த ஆள் ஒருவர் இருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன ஜே. தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார். 1994இல் கிராமிய இசையில் முழு வழிபாட்டையே அமைத்தார். பறை உள்ளே வந்தது. கடவுளைப் பெற்றவராகப் பார்க்கிற ஜெபம் வந்தது. எல்லாருக்கும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகத் தின்பதுதான் நற்கருணை என்ற எண்ணம் நாட்டுப்புற மெட்டில் வந்தது. படிக்காத ஜனம் பாட வேண்டும், பிடிக்காவிட்டால் அவர்களே வரியை மாற்றிப் பாட வேண்டும் என்றார். கர்நாடக மெட்டு மேல்சாதிக்கு, மேல்நாட்டு மெட்டு படித்தவருக்கு, அப்படியானால் வயக்காட்டில் நிற்கிறவளுக்கு எது என்பதுதான் அவர் கேள்வி. 2005இல் அவர் போய்ச் சேர்ந்தார். ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2014இல் அவரைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். நம் ஆராதனைக் குழுத் தம்பிகளிடம் பரட்டை அண்ணன் பாட்டு தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். சபைக்கு வராத ஆளா, முடி வெட்டாத ஆளா என்று திருப்பிக் கேட்பார்கள். அவரையும் ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்காவிலிருந்து அனுப்பினால் ஒருவேளை எடுத்துக்கொள்வோமோ என்னவோ.

இனி, எனக்குக் கோபத்தை அடக்க முடியாத இடம்.

சென்னையில் தெருவோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அரசு செருப்புத் தைக்கிறவர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். அந்த ஆணையில் சீக்கியர்களை 1956இல் சேர்த்தார்கள், பௌத்தர்களை 1990இல் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே. சூசை உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் போதாது, புதிய மதத்துக்குள்ளும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஆதாரம் இல்லையாம். எங்கிருந்து வரும்? பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அங்கே எல்லாரும் ஒன்று. அழுகையில்லை, சுவரில்லை, பிண வண்டியில்லை. பிற்காலத்தில் இந்தச் சபையைப் பற்றி ஆராய்கிற ஒருவன் நம் ஆராதனைப் பாட்டுகளை மட்டும் வைத்து எழுதினால், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் சாதி என்றால் என்னவென்றே அறியாத தேவதூதர்கள், அவர்களுக்கு இருந்த ஒரே குறை வீடு கொஞ்சம் சின்னது என்பதுதான் என்று எழுதுவான். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று கொள்கை அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டது. 2022 அக்டோபரில் அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்து இதே விஷயத்தை மறுபடி விசாரிக்கச் சொன்னது. இடஒதுக்கீடு கேட்டுப் பேரணி போகும்போது எங்களுக்குள் சாதி உண்டு என்று பதாகை பிடிக்கிறோம், அது உண்மை. ஆர்.சி. இன்னார், சி.எஸ்.ஐ. இன்னார் என்று சாதியோடு கல்யாண விளம்பரம் கொடுக்கிறோம், அதுவும் உண்மை. கல்லறைக்குப் போனால் உண்டு. பாட்டில் மட்டும் இல்லை. உண்மை பேசக் கூடாத ஒரே இடமாகக் கடவுளின் சந்நிதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

மேலிடத்தில் அளவுகோல் கொடுத்திருக்கிறார்களே என்பீர்கள். கொடுத்திருக்கிறார்கள். எபிரேய மொழியில் கடவுளின் திருப்பெயரான நான்கெழுத்தை உச்சரித்து வழிபாட்டில் பாடக் கூடாது என்று 2008இல் ரோமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்லது, பெயருக்கு மரியாதை வேண்டும். அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு 2020இல் பாடல் வரிகளைச் சோதிக்க ஒரு கையேடு போட்டது. நற்கருணை, மூவொரு கடவுள், திருச்சபை, யூத மக்கள், மனிதர் பற்றிய போதனை என்று எங்கெல்லாம் பாட்டு வழுக்கும் என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். யூதர்களைப் பற்றித் தப்பாகப் பாடாதே என்று சொல்வதற்கு அவர்களுக்கு வரலாறு பாடம் கற்றுக்கொடுத்திருக்கிறது. கறுப்பருக்குத் தனி இருக்கை, தனிக் கல்லறை வைத்த தேசம், அந்தப் பாடத்துக்கும் ஒரு தலைப்புப் போட்டிருக்கலாம், போடவில்லை. அவர்களை விடுங்கள். நம் ஊரில் பாட்டை அச்சடிக்க அனுமதி கொடுக்கிறவர்கள், மேடையில் பாட அனுமதி கொடுக்கிறவர்கள், தாளம் சரியா, கோட்பாடு சரியா, எதுகை சரியா என்று பார்க்கிறவர்கள், இந்தப் பாட்டை எறையூரில் நின்று பாட முடியுமா என்று ஒரு தடவை கேட்டதுண்டா?

ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தைத் தயவுசெய்து ஆராதனை நாளில் திறக்காதீர்கள். உங்கள் பாட்டுச் சத்தம் எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று கடவுளே அங்கே சொல்லிவிடுகிறார், அப்புறம் நீதியை ஆற்றுத் தண்ணீராக ஓடவிடச் சொல்கிறார். சவுண்டு செட்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, இப்போது போய் இப்படிச் சொன்னால் எப்படி? லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாள் பாடுகிற பாட்டும் ஆபத்து. பெரிய இடத்து ஆட்களை ஆசனத்திலிருந்து இறக்குகிறாள், பசித்தவனுக்கு வயிறு நிரப்புகிறாள், பணக்காரனை வெறுங்கையோடு அனுப்புகிறாள். கருவுற்றிருந்த ஒரு கிராமத்துப் பெண் பாடின பாட்டு. அதை உள்ளபடி பாடினால் முதல் வரிசை நாற்காலி காலியாகும், மிக்ஸரில் ஒட்டின பெயரைக் கிழிக்க வேண்டிவரும். ஆகவே மரியாளுக்கு ஜரிகைப் புடவை கட்டி, தாலாட்டுப் பாட்டு கொடுத்து உட்காரவைத்துவிட்டோம்.

தம்பி, தங்கை, கிண்டல் போதும். உங்கள் குரல் நன்றாக இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்குப் பாட்டு எடுக்கும்போது எரிகோவை ஒரு வாரம் விட்டுவிடுங்கள். மல்லிகை விலை விழுந்த அந்தப் பெண்பிள்ளையை மைக்குக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, அவள் என்ன பாடுவாள் என்று கேட்டு எழுதுங்கள். பறை அடிக்கத் தெரிந்த ஆள் உங்கள் சபையிலேயே இருப்பார், இத்தனை நாளும் அவர் அதை மறைத்து வைத்திருப்பார், அவரைக் கூப்பிடுங்கள். எழுத வரவில்லை, அடிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த வாரம் பாடவே வேண்டாம். மைக்கை அணைத்துவிட்டு எல்லாருமாகக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து போய், உள்ளே சுவர் இருக்கிறதா, வாசல் எத்தனை, சாவி யார் கையில் என்று பார்த்துவிட்டு வாருங்கள். சுவர் இருந்தால், அதை இடிக்கும்வரை மதில் இடிகிற பாட்டு எதையும் உங்கள் மேடையில் பாடாதீர்கள்.